நாவுக்குச் சிகிச்சை எந்த மொழியில்?

சிங்களத்தில் எழுதப்பட்ட அரசாங்கக் கடிதமொன்று தமிழன் கைக்கு வந்தால், அதை வாசித்துப் பொருள் சொல்ல அயலில் ஒருவரைத் தேடிப் பிடித்துவிடலாம். விளங்காத மொழியில் எழுதப்பட்ட வாக்குமூலத்திற் கையொப்பமிட்டவனுக்காக நீதிமன்றில் எழுந்து வாதாட ஒரு சட்டத்தரணி கிடைப்பார். ஆனால் மூன்று வயதாகியும் வாய் திறந்து ‘அம்மா’ என்றழைக்காத பிள்ளையைத் தோளிற் சுமந்துகொண்டு வைத்தியசாலை வாங்கில் காத்திருக்கும் தாய் என்ன செய்வாள்? பேச்சைப் பயிற்றுவிக்க அமர்ந்திருப்பவர் தமிழறியாதவராக இருந்தால் அவள் எங்கே போவாள்? கடிதத்தை மொழிபெயர்க்கலாம், வாக்குமூலத்தை மொழிபெயர்க்கலாம். இந்தப் பிள்ளையிடம் மொழிபெயர்ப்பதற்கு இன்னும் மொழியே இல்லையே!

மொழியுரிமை பற்றி இந்நாட்டில் எத்தனையோ மேடைகளிற் பேசியாயிற்று. பெயர்ப்பலகை, படிவம், பொலிஸ் நிலையம், நீதிமன்றம், உத்தியோகம் என்று பட்டியல் நீண்டது. அந்தப் பட்டியலில் ஒருநாளேனும் இடம்பெறாத ஓரிடம் உண்டு. அதுவே பேச்சுச் சிகிச்சை அறை. ஏனைய இடங்களில் மொழி ஒரு வாகனம் மாத்திரமே. இங்கோ மொழிதான் நோய், மொழிதான் மருந்து. எலும்பு முறிந்தவனுக்கு எம்மொழி அறிந்த வைத்தியரும் கட்டுப் போடலாம். மொழி முறிந்தவனுக்கு அவனுடைய மொழியாலன்றி வேறெதனாற் கட்டுப் போடுவது?

இச்சிகிச்சையை மேல்நாட்டுப் பணக்காரரின் ஆடம்பரம் என்று எண்ணுவோர் எம்மிடையே இன்னும் உளர். அவர்களுக்காகச் சில வார்த்தைகள் கூறவேண்டியிருக்கின்றது. வயதுக்கேற்ப வார்த்தை வராத பிள்ளை, அன்னப்பிளவோடு பிறந்து சத்திரசிகிச்சை செய்தபின்னும் மூக்காற் பேசும் பிள்ளை, கொன்னை தட்டும் மாணவன், ஓட்டிசம் என வழங்கும் மனவளர்ச்சி வேறுபாடுடைய பிள்ளை ஆகியோர் ஒருபுறம். செவிப்புலன் குறைந்த பிள்ளையும் இவர்களோடு சேரும். உட்செவியிற் கருவியைப் பொருத்திவிட்டால் காரியம் முடிந்தது என்றெண்ணும் பெற்றார் பலர். கருவி தருவது ஓசையை மாத்திரமே. அவ்வோசை சொல்லாவதற்குப் பல மாதப் பயிற்சி வேண்டும். மறுபுறத்தில், பாரிசவாதத்தால் வார்த்தை இழந்த முதியோர், விபத்திலும் போரிலும் தலையிற் காயமுற்றோர், புற்றுநோயால் நாவின் ஒரு பகுதியையோ குரல்வளையையோ இழந்தோர். இந்நாட்டு ஆண்களை வருத்தும் புற்றுநோய்களுள் முன்னிற்பது வாய்ப்புற்றுநோய். வெற்றிலை, பாக்கு, புகையிலை மென்று வயலிலும் தோட்டத்திலும் பாடுபடும் உழைப்பாளிக்கு இது அயலார் கதையன்று.

உணவை விழுங்க முடியாதோரையும் இச்சிகிச்சையாளரே கவனிக்கின்றனர் என்பது பலர் அறியாத செய்தி. பாரிசவாதம் கண்டவர் குடிக்கும் நீர் வழி தவறி மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் நுரையீரல் அழற்சி உண்டாகி உயிரே போகலாம். ‘வாயைத் திற, பையக் குடி, நாடியைத் தாழ்த்து, இப்போது விழுங்கு’ என்ற கட்டளைகள் நோயாளிக்கு விளங்கியே தீரவேண்டும். விளங்காத மொழியிற் கூறப்படும் கட்டளை இங்கே வெறும் அவமதிப்பாக மாத்திரம் நிற்பதில்லை, ஆபத்தாகவும் முடியும்.

பேச்சொலி எங்கே பிறக்கின்றது என்பதைப் பிறப்பியல் என்று தனி இயலே வகுத்துத் தொல்காப்பியம் ஆராய்ந்தது. உந்தியிலிருந்து எழும் காற்று நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் நின்று, பல்லும் இதழும் நாவும் மூக்கும் அண்ணமும் உறும் விதத்தால் வெவ்வேறு எழுத்தாகும் என்று கண்டவர்களின் வழிவந்தோர் நாம். பெருமைக்காக இதைக் கூறவில்லை. பழம்பெருமை பேசிப் பசியாறிய காலம் போதும். அந்த அறிவு நூலில் உறங்க, பிறநாட்டார் அதைச் சிகிச்சையாக்கினர். 1861இல் பாரிஸ் நகரில் புரோக்கா என்ற வைத்தியர், மூளையின் இடப்புற முன்பகுதி பழுதுபட்டாற் பேச்சுக் குன்றும் என்று காட்டினார். 1874இல் ஜேர்மானியரான வேர்னிக்கே, பிறர் சொல்லை விளங்கும் ஆற்றல் வேறொரு பகுதியைச் சார்ந்தது என்றார். இரு உலகப் போர்களிலும் தலையிற் குண்டு பட்ட போர்வீரர்களுக்குப் பேச்சை மீட்டுக் கொடுக்கும் முயற்சியில் இத்துறை வளர்ந்தது. ஆறாம் ஜோர்ஜ் மன்னர் 1952இல் இறக்கும்வரை இலங்கைக்கும் மன்னராக இருந்தவர். கொன்னையால் வருந்திய அவர், அரசேறுமுன் 1926 தொடக்கம் அவுஸ்திரேலியரான லயனல் லோக் என்பவரிடம் பயிற்சி பெற்றார். மன்னருக்கு அவருடைய தாய்மொழியிலேதான் அப்பயிற்சி கிடைத்தது. அவருடைய பழைய குடிமக்களின் பேரப்பிள்ளைகளுக்கு அது ஏன் கிடைக்கக்கூடாது?

இலங்கையில் இதன் முன்வரலாறு 1912இல் தொடங்குகின்றது. மேரி சப்மன் என்ற கிறித்தவ மிஷன் அம்மையார் அவ்வாண்டில் செவிப்புலன், விழிப்புலன் அற்ற பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பாடசாலையே இன்று இறத்மலானையில் நிற்பது. தமிழ்ப் பிள்ளைகளுக்கெனக் கைதடியில் நபீல்ட் பாடசாலை எழுந்தது 1956இல். ஆண்டைக் கவனியுங்கள். பாராளுமன்றம் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டத்தை நிறைவேற்றி, சிங்களம் ஒன்றே அரசகரும மொழி என்று விதித்த அதே ஆண்டு! நாடு முழுவதற்கும் ஒரு மொழி போதும் என்று சட்டசபை கருதியபோது, பேசவே இயலாத பிள்ளைக்கு அதன் சொந்த மொழியிற் கல்வி வேண்டும் என்று தர்மத்தில் நம்பிக்கை வைத்த ஒருசிலர் கருதினர். யார் கருத்து சரி என்பதை இந்த நாட்டின் பின்வந்த சரித்திரம் சொல்லிற்று.

பேச்சுச் சிகிச்சையாளரை இந்நாட்டிலேயே பயிற்றும் வேலை 1997இல் களனிப் பல்கலைக்கழகத்தின் றாகமை மருத்துவ பீடத்தில் டிப்ளோமாப் படிப்பாகத் தொடங்கியது. பின்னர் அது பட்டப்படிப்பாயிற்று. அதைக் கட்டியெழுப்பியவர்களை நாம் பாராட்டுகின்றோம். அவர்களுள்ளும் தமிழ்ப் பிள்ளைகளின் குறையை எடுத்துக்காட்டி எழுதிய சிங்களக் கல்விமான்கள் உளர் என்பதை மறைத்தல் நேர்மையன்று. ஆயினும், அங்கிருந்து வெளியேறியோருள் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் மிகச் சிலரே. நாட்டு மக்களில் ஏறக்குறைய நான்கிலொரு பங்கினர் தமிழ் பேசுவோர் என்பதை 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு காட்டும். நான்கிலொரு பங்குக்கும் ‘மிகச் சிலர்’ என்பதற்கும் இடையிலுள்ள தூரத்தைத்தான் வெள்ளவத்தைத் தாயும் கொட்டாஞ்சேனைத் தாயும் பிள்ளையைச் சுமந்தபடி நடந்துகொண்டிருக்கின்றனர்.

‘சிங்களம் தெரிந்த தாய்தானே, சமாளித்துக்கொள்வாள்’ என்று சொல்லும் புத்திசாலிகளுக்கு ஒரு விளக்கம். கடையிற் பருப்பு வாங்கப் போதுமான சிங்களம் வேறு, பிள்ளையின் நாவில் எந்த எழுத்து எங்கே தடைப்படுகின்றது என்று அறியப் போதுமான மொழியறிவு வேறு. சிங்களப் பேச்சில் லகர ளகர வேறுபாடும், நகர ணகர வேறுபாடும் காதிற் கேட்பதில்லை. எழுத்தில் மாத்திரமே அவை உள்ளன. தமிழிலோ ‘பல்லி’ வேறு, ‘பள்ளி’ வேறு. சிங்களத்துக்கெனச் செய்த சோதனைத் தாள் இவ்வேறுபாட்டைத் தேடாது. தேடாததைக் காணவும் முடியாது.

இலக்கணத்துக்கு வருவோம். பேச்சுச் சிங்களத்தில் ‘மம எனவா, ஒயா எனவா, எயா எனவா’ என்று யார் வந்தாலும் வினைச்சொல் மாறாது. தமிழ்ப் பிள்ளையோ வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள், வந்தார், வந்தது என்று ஒவ்வொரு வினையின் வாலிலும் ஆளையும் பாலையும் எண்ணையும் மரியாதையையும் கட்டவேண்டும். நாலு வயதுப் பிள்ளை அக்காவைப் பார்த்து ‘வந்தது’ என்றால் அது குறையா, குழந்தைத்தனமா, அல்லது அந்த வீட்டிற் செல்லமாக வழங்கும் வழக்கா? தமிழ் வீட்டில் வளர்ந்த காது இதைக் கணத்திலே சொல்லும். வளராத காதுக்கு எத்துணைப் பட்டமிருந்தும் சொல்லுதல் அரிது.

இனி, ‘தமிழ் நாட்டில் ஆயத்தமான சோதனைகள் உண்டே, அவற்றைத் தருவித்தாற் போதாதா?’ என்று கேட்பவர்களும் உளர். 1965இல் மைசூரில் அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் எழுந்தது. சென்னையிலும் வேலூரிலும் இத்துறையிற் பட்டப்படிப்புகள் நடைபெறுகின்றன. அங்கிருந்து நாம் கற்கவேண்டியது நிரம்ப உண்டு. ஆனால் அங்கிருந்து வரும் படப்புத்தகத்தை இங்கே அப்படியே விரித்தால் நேர்வது என்ன? நாற்காலிப் படத்தைக் காட்டினால் யாழ்ப்பாணத்துப் பிள்ளை ‘கதிரை’ என்னும். காலணியைக் காட்டினாற் ‘சப்பாத்து’ என்னும். ‘உது என்ன?’ என்று திருப்பிக் கேட்கும். இதுவுமன்றி அதுவுமன்றி இடையிலுள்ளதைச் சுட்டும் உகரச் சுட்டு ஈழத்துப் பேச்சில் இன்றும் உயிரோடிருப்பதை அறியாதவர் அதைப் பிழையென்று குறித்துக்கொள்வார். ‘பேசு’ என்று அன்பாகக் கட்டளையிட்டாலோ பிள்ளை அழவும் கூடும். யாழ்ப்பாணத்தில் ‘கதைத்தல்’ என்பதே பேசுதல், ‘பேசுதல்’ என்பது ஏசுதல்! வாழைப்பழத்தை ‘வாளப்பளம்’ என்பது வடபுலத்தில் ஊர்வழக்கு. அதைத் திருத்துவதற்கு மாதக்கணக்கிற் பாடுபட்டு, உண்மையான குறையைக் கவனியாது விடும் அபாயமும் உண்டு.

கொட்டாஞ்சேனையின் நிலை இன்னும் நுட்பமானது. ஒரே ஒழுங்கையில் யாழ்ப்பாணத்தார் வீடும், மலையகத்திலிருந்து வந்தோர் வீடும், தலைமுறை தலைமுறையாகக் கொழும்பிற் பிறந்த கத்தோலிக்கத் தமிழர் வீடும், தமிழ் பேசும் முஸ்லிம் சகோதரர் வீடும் இருக்கும். ஒரு பிள்ளை ‘அம்மா’ என்னும், அடுத்த வீட்டுப் பிள்ளை ‘உம்மா’ என்னும். ஒன்று நாற்காலியில் அமரும், மற்றொன்று கதிரையில் இருக்கும். இவற்றையெல்லாம் அளந்து, இலங்கைப் பிள்ளைக்கு இந்த வயதில் இன்னின்ன ஒலி, இன்னின்ன சொல், இன்னின்ன வாக்கியம் வரும் என்று வகுக்கும் அளவுகோல் எமக்கு வேண்டும். அதைச் சென்னையார் செய்து தரமாட்டார்கள். சிங்களவர் செய்து தரவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமன்று. அது எமது மொழியியலாளரும் எமது மருத்துவரும் ஒருங்கிருந்து செய்யவேண்டிய பணி.

இவ்விடத்தில் மிகவும் வருந்தத்தக்க ஒரு பழக்கத்தைக் குறிப்பிடாதிருக்க முடியாது. பேச்சுத் தாமதித்த பிள்ளையின் பெற்றாரை நோக்கி, ‘வீட்டிலே தமிழை நிறுத்துங்கள், ஒரே மொழியிற் பேசுங்கள், ஆங்கிலம் அல்லது சிங்களம் நல்லது’ என்று புத்தி கூறப்படுவதுண்டு. சில பாடசாலைகளில் ஆசிரியர் கூறுகின்றனர். சில இடங்களில் வைத்தியரும் கூறுகின்றனர். இதற்கு ஆராய்ச்சி ஆதாரம் கிடையாது. இரு மொழி கேட்டு வளர்வதால் எந்தப் பிள்ளைக்கும் பேச்சுக் குறை உண்டாவதில்லை. பிறவியிலே வளர்ச்சிக் குறையுடைய பிள்ளைகளும் தம் ஆற்றலுக்கேற்ப இரு மொழி கற்கின்றனர் என்றே ஆய்வுகள் காட்டியுள்ளன. தமிழை நிறுத்திய வீட்டில் நடப்பதென்ன? ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்த தாய் அரைகுறையாகவே பிள்ளையோடு பேசுகின்றாள். ஆங்கிலமே அறியாத அம்மம்மா வாய்மூடி ஒதுங்குகின்றாள். கதையும் தாலாட்டும் விடுகதையும் நின்றுபோகின்றன. பேச்சுக் குறைந்த பிள்ளைக்கு அதிகம் வேண்டியது பேச்சு. அதனையே நாம் பறித்துவிட்டு, ஏன் பேசவில்லை என்று கேட்கின்றோம்! சட்டத்தாற் செய்ய முடியாததை இந்த ஆலோசனை அடுக்களைக்குள் நுழைந்து செய்து முடிக்கின்றது.

வெள்ளவத்தை மாடிவீடுகளில் வாழும் எமது கனவான்களுக்கும் இதிற் பங்குண்டு. பிள்ளை ‘வோட்டர்’ என்றால் மகிழ்ந்து விருந்தினரைக் கூட்டிக் காட்டுவதும், ‘தண்ணி’ என்றால் முகஞ்சுளிப்பதும் யாருடைய சட்டம்? இதையும் அரசாங்கத்தின் தலையிற் கட்டிவிட முடியாது.

பெற்றார் மனத்திற் பதிக்கவேண்டிய சில அடையாளங்கள் உண்டு. ஒரு வயதாகியும் மழலை ஒலியோ கைச்சைகையோ இல்லை, ஒன்றரை வயதை நெருங்கியும் தனிச்சொல் ஒன்றும் இல்லை, இரண்டு வயதில் இரு சொற்கள் சேர்ந்து வரவில்லை, அல்லது எந்த வயதிலாயினும் வந்த பேச்சு நின்றுபோயிற்று என்றால் காத்திருக்கக்கூடாது. முதலிற் செவியைச் சோதித்தல் வேண்டும். ‘ஆண்பிள்ளை பிந்தித்தான் கதைப்பான், தாய்மாமனும் அப்படித்தான்’ என்ற சமாதானத்தில் இரண்டு பொன்னான ஆண்டுகள் கரைகின்றன. வசம்பை உரைத்து நாவில் தடவுவதிலும், நாக்கு ஒட்டியிருக்கின்றதென்று கண்டவரிடம் வெட்டுவிப்பதிலும் இன்னும் ஓராண்டு. 2009இல் வெளிவந்த பேராசிரியை ஹேமமாலி பெரேரா குழுவினரின் ஆய்வு, நகரை அண்டிய ஒரு பிரதேசத்தில் ஒன்றரை முதல் இரண்டு வயதுக்கிடைப்பட்ட பிள்ளைகளில் 93 பேருக்கு ஒருவர் ஓட்டிச நிலையுடையவர் என்று கண்டது. இது அரிய நோயன்று. எமது வீதியில், எமது உறவில் உள்ள பிள்ளைகளைப் பற்றிய கணக்கு.

முதியோர் விடயத்தில் சட்டம் பயின்றோர் என்ற முறையில் எமக்குச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியதுண்டு. இரணைமடுவின் கீழ் வயல் செய்யும் கமக்காரர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். பாரிசவாதம் கண்டு கொழும்புக்குக் கொண்டுவரப்படுகின்றார். மகன் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் அறை எடுத்துத் தங்குகின்றான். கையும் காலும் தேறுகின்றன, வாய் தேறவில்லை. நீர் என்று கேட்க நினைத்தால் நெருப்பு என்று வருகின்றது. அவருடைய பேரைக் கேட்டால் விழிக்கின்றார். ஆனால் மாலையில் விளக்கேற்றியதும் சிறுவயதில் மனனம் செய்த தேவாரத்தை அந்த நா தானாக முணுமுணுக்கின்றது! கத்தோலிக்கரானால் செபமாலை மந்திரம் வரும். இது அற்புதமன்று. மனனமும் இசையும் மூளையில் வேறு வழியாகச் செல்கின்றன என்பதால், அவ்வழியைப் பற்றிக்கொண்டு பேச்சை மீட்கும் முறைகளைச் சிகிச்சையாளர் 1970களிலிருந்து கையாளுகின்றனர். தேவாரமும் தெரியாது, தமிழும் தெரியாது என்றால் அந்த நூலிழை சிகிச்சையாளர் கண்ணிற் படுமா?

பல மொழி அறிந்தவர் நிலையும் சிந்திக்கத்தக்கது. பிறெஞ்சு வைத்தியரான பித்திரேஸ் 1895இல், பல மொழி அறிந்தவர் பேச்சிழந்தால் அவருக்கு அதிகம் பழக்கமான மொழியே முதலில் மீளும் என்றெழுதினார். இது எல்லார்க்கும் பொருந்தும் விதியன்று என்பதைப் பின்வந்தோர் கண்டனர். ஆகவே நோயாளி அறிந்த ஒவ்வொரு மொழியிலும் தனித்தனியே சோதித்தல் அவசியமாயிற்று. நாற்பதாண்டு கந்தோரில் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் கடமையாற்றிய தமிழ்க் கணக்காளர் ஒருவரைச் சிங்களத்தில் மாத்திரம் சோதித்துவிட்டு, ‘இவருக்கு மொழி போய்விட்டது’ என்று எழுதினால், அவருக்குள் எஞ்சியிருக்கும் தமிழ் சிறையிடப்படுகின்றது.

அந்தச் சிறைக்குச் சொத்து விளைவும் உண்டு. பேச்சிழந்தவரைப் புத்தியிழந்தவர் என்று குடும்பமே தீர்மானித்துவிடுகின்றது. காணி உறுதி எழுத வேண்டும், மகளுக்குச் சீதனம் கொடுக்க வேண்டும், மரண சாசனம் முடிக்க வேண்டும் என்று வரும்போது நொத்தாரிசு தயங்குகின்றார். சில வீடுகளிலோ தயக்கமே இல்லை. விரலைப் பிடித்து அடையாளம் வைத்துவிடுகின்றனர். இரண்டும் அநீதியே. சொல்லை இழந்த பலர் விவேகத்தை இழக்கவில்லை. ஆம், இல்லை என்று தலையசைக்கவும், படத்தைத் தொட்டுக் காட்டவும், தம் மனத்தைத் தெளிவாக உணர்த்தவும் அவர்களால் முடியும். இதனை நிலைநாட்டத் தகுதியுடையவர் அவர் மொழியறிந்த பேச்சுச் சிகிச்சையாளரே.

இந்நாட்டுச் சட்டம் இதை எப்போதோ ஏற்றுவிட்டது. 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் 119ஆம் பிரிவு, பேச இயலாத சாட்சி எழுத்தாலோ சைகையாலோ திறந்த நீதிமன்றில் விளங்கும்படி சாட்சியம் அளிக்கலாம் என்றும், அது வாய்மொழிச் சாட்சியமாகவே கொள்ளப்படும் என்றும் கூறுகின்றது. கழுத்து வெட்டுண்டு பேச இயலாத நிலையில் ஒரு பெண் சைகையாலும் தலையசைப்பாலும் கொலையாளியைக் காட்டியது செல்லும் என்று, இலங்கையிலிருந்து சென்ற சந்திரசேகர என்பவரின் வழக்கிற் பிரிவிக் கவுன்சில் தீர்த்தது. அத்தீர்ப்பு 1937ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கையில் உள்ளது. நீதிமன்றம் சைகையைச் சொல்லாக ஏற்று ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகப் போகின்றது. வைத்தியசாலை தமிழ்ச் சொல்லைச் சொல்லாக ஏற்க இன்னும் எவ்வளவு காலம் வேண்டும்?

அரசியலமைப்பையும் பார்ப்போம். 1987இல் வந்த 13ஆவது திருத்தம் 18ஆம் உறுப்புரையில் தமிழும் அரசகரும மொழி என்றது. அந்த ‘உம்’ இலக்கணத்தார் கூறும் எச்சவும்மை. முன்னே ஒருவர் அமர்ந்த பின் பந்தியில் இடம்பெற்றவர் நாம் என்பதை அந்த ஓர் இடைச்சொல்லே சொல்லிவிடுகின்றது. ஆயினும் இடம் இடமே. 1988இல் வந்த 16ஆவது திருத்தத்தின் பின் உள்ளபடி 22ஆம் உறுப்புரை, சிங்களம் நிருவாக மொழியாகவுள்ள பிரதேசத்திலும் எவரும் அரசாங்க உத்தியோகத்தருடன் தமிழிலேனும் ஆங்கிலத்திலேனும் அலுவலாற்றவும் அதே மொழியில் மறுமொழி பெறவும் உரித்துடையவர் என்கின்றது. அரசாங்க வைத்தியசாலையிற் சம்பளம் பெறும் சிகிச்சையாளர் அரசாங்க உத்தியோகத்தர் அல்லரா? பிள்ளையின் பேச்சைப் பரிசோதிப்பது அலுவல் அன்றா? 12ஆம் உறுப்புரை மொழி காரணமாகப் பாரபட்சம் காட்டலாகாது என்கின்றது. பிள்ளைகள், வலுவிழந்தோர் ஆகியோரின் நலனுக்காக விசேட ஏற்பாடு செய்வதற்கும் அதே உறுப்புரை இடமளிக்கின்றது. 1991இல் இந்நாடு ஏற்ற சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 30ஆம் உறுப்புரை, சிறுபான்மைப் பிள்ளைக்குத் தன் மொழியைப் பயன்படுத்தும் உரிமையை மறுக்கலாகாது என்கின்றது. 2016இல் ஏற்ற வலுவிழந்தோர் உரிமைச் சமவாயம், குறைபாட்டை இயன்றளவு முற்படக் கண்டறிந்து உதவ வேண்டும் என்கின்றது. ஏட்டிற் குறை ஒன்றுமில்லை.

வழக்காடினால் வெல்லலாமா என்று சில நண்பர்கள் எம்மைக் கேட்கின்றனர். அடிப்படை உரிமை மீறலை ஒரு மாதத்துள் உயர் நீதிமன்றுக்குக் கொண்டுசெல்ல 126ஆம் உறுப்புரை வழி தருகின்றது. ஆனால் கோடீஸ்வரன் வழக்கை நாம் மறக்கவில்லை. சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்ற மறுத்த தமிழ் உத்தியோகத்தர் 1964இல் மாவட்ட நீதிமன்றில் வென்றார். 1967இல் உயர் நீதிமன்றில் தோற்றார். 1969இல் பிரிவிக் கவுன்சில் அவருக்குச் சம்பள வழக்குத் தொடுக்கும் உரிமை உண்டென்று தீர்த்து, மொழிச் சட்டம் செல்லுமா என்ற மூலக் கேள்வியைத் தீர்க்காமலே திருப்பியனுப்பிற்று. வழக்கு ஐந்தாண்டு காத்திருக்கும். மூன்று வயதுப் பிள்ளை காத்திருக்க முடியாது. எட்டு வயதில் வரும் தீர்ப்பு அதன் நாவுக்கு என்ன செய்யும்? மேலும், இல்லாத சிகிச்சையாளரை நீதிமன்றக் கட்டளையால் உண்டாக்க முடியாது. ஆளை உண்டாக்குவதே முதல் வேலை.

ஆகவே சுகாதார அமைச்சிடம் நாம் கேட்பது இது. கொழும்பிலும் அதைச் சூழவும் உள்ள பெரிய வைத்தியசாலைகள் ஒவ்வொன்றிலும் தமிழில் சிகிச்சை செய்யத்தக்கவருக்கென நிலையான பதவி ஒதுக்கப்பட வேண்டும். சிகிச்சையாளர் தமிழறியாதவராயின், இடையில் நிற்பதற்குச் சிற்றூழியரையோ பக்கத்து நோயாளியின் உறவினரையோ அழைக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். தக்க பயிற்சி பெற்ற தமிழ் உதவியாளர் அமர்த்தப்பட வேண்டும். இது இடைக்கால ஏற்பாடே. நிலையான ஏற்பாடு பல்கலைக்கழகத்தில் இருக்கின்றது. வடக்கிலோ கிழக்கிலோ ஒரு பல்கலைக்கழகத்தில் இப்பட்டப்படிப்பு வேரூன்ற வேண்டும். தமிழில் நோயாளரைச் சோதித்துப் பழகும் பயிற்சி அதன் ஓர் அங்கமாதல் வேண்டும். றாகமையில் பயிலும் சிங்கள மாணவருக்கும் தமிழ் கற்பிக்கப்பட்டால் நாம் அதை மனமார வரவேற்போம்.

எமது வைத்தியர், பொறியியலாளர், கணக்காளர், வர்த்தகர் ஆகியோருக்கும் ஒரு வார்த்தை. உயிரியல் பிரிவிற் கற்கும் உங்கள் பிள்ளைகளுக்கு வைத்தியம் கிடைக்காவிட்டால் உலகமே இருண்டுவிட்டதென்று மூலையிற் குந்துகின்றீர்கள். இத்துறை எமது இனத்தில் ஆளின்றிக் கிடக்கின்றது. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் இத்தொழில் செய்யும் தமிழ்ப் பெண்கள் விடுமுறைக்கு வரும்போது பத்து நாள் இங்கே கற்பித்துச் செல்ல ஒழுங்கு செய்வது பெரிய காரியமன்று. கமக்காரர் சங்கங்களும் சனசமூக நிலையங்களும் கோயில் தர்மகர்த்தாக்களும் கூடி ஆண்டுக்கு ஒரு மாணவருக்குப் புலமைப்பரிசில் கொடுத்தாலும் போதும். கோபுரத்துக்கு வர்ணம் பூசும் செலவில் அது ஒரு சிறு துளி.

இனிச் செய்யவேண்டிய உடனடிக் காரியம் ஒன்று. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி எந்தப் பிரசையும் அரசாங்க நிறுவனத்திடம் தகவல் கேட்கலாம். ஏன் கேட்கின்றீர் என்பதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. தமிழிலேயே எழுதலாம். பதினான்கு வேலைநாட்களுள் தகவல் உத்தியோகத்தர் தம் தீர்மானத்தை அறிவித்தல் வேண்டும். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை வாசகர்கள் தாம் செல்லும் வைத்தியசாலைக்கு இவ்வாறு எழுதுவாராக: உங்கள் வைத்தியசாலையில் பேச்சுச் சிகிச்சையாளர் பதவி எத்தனை, அவற்றில் நிரப்பப்பட்டவை எத்தனை, தமிழிற் சிகிச்சை செய்யத்தக்கவர் எத்தனை பேர், முதற் பரிசோதனைக்கு ஒரு பிள்ளை எத்தனை நாள் காத்திருக்க வேண்டும், பயன்படுத்தப்படும் தமிழ்ச் சோதனைத் தாள் எது? இந்த ஐந்து கேள்விகள் போதும். வரும் விடைகளின் பிரதியை எமது காரியாலயத்துக்கு அனுப்புங்கள். வைத்தியசாலை வாரியாக அவற்றை இப்பத்தியிலே வெளியிட்டு, வரவுசெலவுத் திட்ட விவாதத்தில் சுகாதார அமைச்சின் செலவினம் எடுக்கப்படும் நாளில் எமது பாராளுமன்ற உறுப்பினர்களின் கையிற் கொடுப்போம்.